நம்மவர் என்பதற்காக முற்றத்தை ஒப்படைப்பதா?

2019ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஸ்காபரோவில் என் தங்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். தங்கையும் மைத்துனரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விட்டார்கள். நான் நூலகத்துக்குச் சென்று திரும்பிய இரண்டு மணித்தியாலத்துக்குள், வீட்டில் தனியாக இருந்த எண்பது வயது அம்மா, அந்த வீட்டுப் புற்றரையின் ஒரு பருவகாலப் பராமரிப்பை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துக் கையொப்பமும் இட்டுவிட்டார். 480 டொலர், வரி வேறு. அதில் 120 டொலரைத் தமது முதியோர் கொடுப்பனவிலிருந்து முன்பணமாகவும் எண்ணிக் கொடுத்திருந்தார்.

நான் படலையடியில் வந்தபோதே முன்முற்றத்தில் ஆங்காங்கே ஆட்டுப் புழுக்கை போல மண் உருண்டைகள் கிடந்தன. மண்ணைத் துளையிட்டு இளக்கும் வேலையை, 'ஏரேஷன்' என்று அங்கே சொல்வதை, அன்றைக்கே செய்துமுடித்துவிட்டார்களாம். எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று அம்மாவைக் கேட்டேன். தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் முடித்துவிட்டார்கள் என்றார்.

"ஏனம்மா கையெழுத்து வைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"எங்கடை பொடியன், தம்பி. உரும்பிராய்ப் பக்கமாம். வெய்யிலுக்கை நிண்டு கேக்கிறான். எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"

நான் எழுதப் புகுந்தது இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். சென்ற மாதம் பிரம்டனில் வசிக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, புதுவீடு வாங்கியிருப்பதாகவும் புற்றரையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான நிறுவனமொன்றை எப்படித் தெரிவு செய்வதென்றும் கேட்டபோது, அம்மாவின் அந்தப் பதில்தான் என் காதில் முதலில் ஒலித்தது.

புல் ஒரு சிறிய விடயம் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். போரையும் அகதி வாழ்வையும் எழுதிய கை புல்லைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் நகைக்கவும் கூடும். நகைக்கட்டும். ஒன்ராறியோவில் வீடு வாங்கிய ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் வசந்தகாலம் தொடங்கியதும் இந்தப் புல்லுக்காகக் காசைக் கொட்டுகிறது. அந்தக் காசு யாரிடம் போகிறது, அதற்குப் பதிலாக மண்ணில் எது கொட்டப்படுகிறது, அதைத் தெளிக்கிற கை யாருடையது என்ற மூன்று கேள்விகளையும் நாம் கேட்பதில்லை. கேட்காததற்குக் காரணம், வருபவர் நம்மவர் என்பதே.

நாம் ஏன் இவ்வளவு எளிதில் அகப்படுகிறோம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்து வளவுகளில் முற்றத்துப் புல் என்பது அழகன்று, அவலம். விடிந்ததும் முற்றம் கூட்டிச் சாணநீர் தெளித்த வீடுதான் மனிதர் வாழும் வீடு. முற்றத்தில் புல் ஏறிவிட்டதென்றால் வீட்டுக்காரர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார் என்று பொருள். இடம்பெயர்ந்து பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பிச் சென்றவர்கள் வாசல்வரை புல் மண்டிக்கிடந்ததைக் கண்டு அழுத கதைகளை நானே செய்தியாக எழுதியிருக்கிறேன். அப்பர் சுவாமிகளின் கையில் நாம் காணும் உழவாரப்படை, கோவில் வீதியிலிருந்த புல்லைச் செருக்கி எறிவதற்கானது. அந்தப் பரம்பரையில் வந்தவர்கள் இப்போது புல்லை நட்டு, நீர்வார்த்து, பசளையிட்டு, அது முளைக்கவில்லையே என்று கவலைப்படுகிறோம். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மண் பார்க்கத் தெரிந்த எமக்குப் புல்லைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரியாத பொருளை விற்க வருபவனுக்கு இதைவிட நல்ல சந்தை வேறேது?

தெரியாமைக்குப் பக்கத்தில் பயமும் உண்டு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் என்ன நினைப்பார் என்ற பயம். மஞ்சள் பூ பூக்கும் டன்டிலயன் முற்றத்தில் நின்றால் மாநகரசபை தண்டம் விதிக்கும் என்ற பயம். அம்மாவுக்கும் அந்தப் பொடியன் இந்தப் பயத்தைத்தான் விற்றிருந்தான். உண்மை என்னவெனில், ரொறன்ரோ மாநகர விதி புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்வதைத்தான் தடுக்கிறது. மாகாண அரசின் தீங்கான களைகளின் பட்டியலில் டன்டிலயன் இடம்பெறவேயில்லை. பூ பூத்ததற்காக யாரும் உங்கள் கதவைத் தட்டப்போவதில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு கதவைத் தட்டுபவன் விற்பனைக்காரன் மட்டுமே.

அம்மா கையொப்பமிட்ட தாளை அன்றிரவு சமையலறை மேசையில் வைத்து வாசித்தேன். முப்பது வருடங்களாகப் பிறர் எழுதியதைத் திருத்திப் பிழைத்தவன் என்பதால், எழுதியிருப்பதை விட எழுதாமல் விட்டிருப்பதுதான் முதலில் கண்ணில் படும். நிறுவனத்தின் முகவரி இல்லை. கைத்தொலைபேசி இலக்கம் ஒன்று மட்டும். அனுமதிப்பத்திர இலக்கம் இல்லை. 'ஆறு தடவை' என்றிருந்தது, எந்தெந்த மாதத்தில் என்றில்லை. 'களை மருந்து' என்றிருந்தது, என்ன மருந்து என்றில்லை. ஒரேயொரு இடத்தில்தான் தெளிவாக எழுதியிருந்தார்கள். களை நூறு வீதம் அழியும் என்ற உத்தரவாதமே அது.

இந்த நூறு வீதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மொன்றியலுக்கு மேற்கே ஹட்சன் என்ற சிறுநகரம் இருக்கிறது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழும் ஊர். அங்கே ஜூன் இர்வின் என்ற தோல்நோய் மருத்துவர் 1980களின் நடுப்பகுதியிலிருந்து நகரசபைக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து சென்று, புற்றரைகளில் தெளிக்கப்படும் நஞ்சுகளைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். 1991இல் நகரசபை, அழகுக்காகப் பீடைநாசினி தெளிப்பதைத் தடைசெய்து உபவிதி இயற்றியது. அடுத்த ஆண்டு, விதியை மீறியதாகக் கெம்லோன், ஸ்பிரேடெக் ஆகிய இரு பெரும் புற்றரை நிறுவனங்கள் மீது வழக்குப் பதிவாகியது. ஒரு சிற்றூர்ச் சபைக்கு இதற்கு அதிகாரமில்லை என்று அவை நீதிமன்றம் ஏறின. கீழிருந்து மேல்வரை எல்லாப் படிகளிலும் தோற்றன. 2001 ஜூன் 28ஆம் திகதி கனடாவின் உச்ச நீதிமன்றம் ஹட்சன் நகரசபை செய்தது சரியென்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர்தான் கனடா முழுவதும் ஒவ்வொரு நகரமாக விழித்துக்கொண்டது. ரொறன்ரோவின் உபவிதி 2004இல் நடைமுறைக்கு வந்தது. 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோ மாகாணம் முழுவதிலும் அழகுக்காகத் தெளிக்கும் களைநாசினிகள் தடைசெய்யப்பட்டன.

தடைசெய்யப்பட்டவற்றுள் முதன்மையானது 2,4-டி எனப்படும் களைநாசினி. புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களையை மட்டும் வேரோடு கொல்லும் ஆற்றல் அதற்குண்டு. வியட்நாமில் காடழிக்க அமெரிக்கா தெளித்த 'ஏஜென்ட் ஒரேஞ்ச்' கலவையின் ஒரு பாதி இதுதான். நியாயமாகச் சொல்வதானால், அந்தக் கலவையின் கொடிய டயொக்சின் நஞ்சு பெரும்பாலும் மற்றப் பாதியான 2,4,5-ரியிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் 2,4-டியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பிரிவில்தான் வைத்தது. கனடாவின் மத்திய அரசு அதனை இன்றும் பதிவிலிருந்து நீக்கவில்லை. புற்றரை வியாபாரிகள் இதைச் சுட்டிக்காட்டி, ஒன்ராறியோ மிகைப்படுத்துகிறது என்பார்கள். வாதத்துக்கு ஒத்துக்கொள்வோம். பயிரைக் காப்பதற்காக ஏற்கும் ஆபத்தும், ஒரு மஞ்சள் பூவைச் சகிக்க முடியாமல் குழந்தை தவழும் இடத்தில் ஏற்கும் ஆபத்தும் ஒன்றாகுமா?

இப்போது அந்த நூறு வீதத்துக்கு வருவோம். ஒன்ராறியோவில் வீட்டுப் புற்றரைக்கு இன்று சட்டப்படி கிடைக்கும் களைநாசினி பெரும்பாலும் இரும்புச்சத்தை அடிப்படையாகக் கொண்டது. தெளித்த சில மணித்தியாலங்களில் களையின் இலை கறுத்துச் சுருளும். பார்ப்பவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் டன்டிலயனின் ஆணிவேர் ஆழமானது. வேர் உயிரோடிருந்தால் மீண்டும் துளிர்க்கும். திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். எனவே ஒருவர் நூறு வீத உத்தரவாதம் தருகிறார் என்றால் இரண்டிலொன்று. அவர் பொய் சொல்கிறார். அல்லது தடைசெய்யப்பட்டதைத் தாங்கிக்குள் வைத்திருக்கிறார். முதலாமவரிடம் காசு போகும். இரண்டாமவரிடம் காசோடு வேறும் போகும்.

ஆகவே கேட்க வேண்டிய முதற் கேள்வி விலை அன்று. "என்ன மருந்து? அதன் பெயர் என்ன? போத்தலிலுள்ள மத்திய அரசின் பதிவிலக்கம் என்ன?" கனடாவில் விற்கப்படும் ஒவ்வொரு பீடைநாசினியின் சுட்டுத்துண்டிலும் அந்த இலக்கம் இருந்தே ஆகவேண்டும். கூலிக்குத் தெளிப்பவருக்கு மாகாணச் சுற்றாடல் அமைச்சின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நிறுவனத்துக்கும் தனியாக வேண்டும். புல் வெட்டுவதற்கும் பசளை போடுவதற்கும் அது தேவையில்லை என்பதால், 'நாங்கள் பசளை மட்டும்தான் போடுகிறோம்' என்று சொல்லிக்கொண்டு முதுகில் தெளிகருவியோடு வருபவர்களைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அதே நிறுவனத்தின் வண்டி பக்கத்து வீட்டுக்கு வந்தது. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன் இறங்கினான். அம்மாவிடம் கையொப்பம் வாங்கியவன் அல்லன், இவன் வேலைக்காரன். கையுறை இல்லை. காலில் துணிச் சப்பாத்து. பாதி நனைந்திருந்தது. வேலிக்கு மேலால் பேச்சுக் கொடுத்தேன். வன்னியிலிருந்து வந்தவன். படிக்க வந்து, கட்டணம் கட்டுவதற்காக இந்த வேலைக்கு வந்திருக்கிறான். வீட்டுக்கு இவ்வளவு என்று கையில் காசாகக் கொடுக்கிறார்களாம். அதனால் ஓடி ஓடித்தான் செய்ய வேண்டுமாம்.

"என்ன மருந்து தம்பி இது?"

"தெரியாது ஐயா. அவை கலந்து வைச்சுத்தான் தருவினம். கேட்டா நாளைக்கு வரவேண்டாமெண்டு சொல்லுவினம்."

எனக்கு அந்த இடத்தில் அம்மா மீதிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. 'எங்கடை பொடியன்' என்று அம்மா இரங்கியது பிழையன்று. அந்த இரக்கத்தைக் காட்டிக் காசு வாங்கியவர், அதே இனத்துப் பொடியனுக்கு ஒரு சோடி கையுறை வாங்கிக் கொடுக்கவில்லை. வெறும் மேலோடு வெங்காயத் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு, அதே கையால் வாய்க்காலில் நீரள்ளிக் குடித்த எங்கள் ஊர்க் கமக்காரரைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அளவுமீறிப் போட்ட பசளை சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் இறங்கி யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை எடுத்துக்காட்டிவிட்டார்கள். மண்ணில் ஊற்றுவது மண்ணோடு நிற்பதில்லை என்பதை எமக்கு வெள்ளைக்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பனிநாட்டுக்குப் போனதும் அதை மறந்துவிடுகிறோம். நம்மவருக்கு ஆதரவு என்ற பெயரில் நாம் உண்மையில் ஆதரிப்பது யாரை? வண்டிக்குச் சொந்தக்காரரையா, நனைந்த சப்பாத்தோடு நின்ற பொடியனையா? பற்றுச்சீட்டு இல்லாமல் காசாகக் கொடுத்தால் வரி மிச்சம் என்று நாம் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும், அந்தப் பொடியனின் வேலை எந்தப் பதிவிலும் இல்லாமற் போகிறது. அவனுக்கு விபத்து நேர்ந்தால் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற வேலையிடக் காப்புறுதிச் சபையின் படி ஏறி நிற்கக் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இராது. உங்கள் முற்றத்தில் அவன் விழுந்தால் அடுத்த கேள்வி உங்களிடம்தான் வரும். எனவே நிறுவனத்திடம் பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழைக் காட்டச் சொல்வது பண்பற்ற செயலன்று. காட்ட மறுப்பதுதான் பண்பற்றது.

இனி அந்த மண் உருண்டைகள். மண்ணை இளக்கும் இயந்திரத்தில் இருவகை உண்டு. உள்ளீடற்ற குழாய் போன்ற பற்கள் கொண்டது மண்ணைத் துண்டாக வெளியே இழுத்துப் போடும். வெறும் ஆணி போன்ற பற்கள் கொண்டது குத்திவிட்டுப் போகும். பின்னது துளையைச் சுற்றியுள்ள மண்ணை மேலும் இறுக்குவதால் பயனில்லை. ஒழுங்காகச் செய்தால், வெளிவரும் மண்துண்டு விரல் தடிப்பில், இரண்டு மூன்று அங்குல நீளத்தில் இருக்க வேண்டும். கையகல இடைவெளியில் முற்றமெங்கும் கிடக்க வேண்டும். தங்கையின் முற்றத்தில் நான் பொறுக்கியவை அரை அங்குலம்கூட இல்லை. காய்ந்த மண்ணில், நீர்கூட வார்க்காமல், இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வீட்டின் பின்புறத்தில் ஒன்றுமே இல்லை.

அந்தத் தாளில் 'புழு மருந்து – மே' என்றும் ஒரு வரி இருந்தது. புல்லின் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுக்கள் வண்டுகளின் குஞ்சுகள். அவற்றைக் கொல்வதற்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களை, 'நெமட்டோட்' என்பவற்றை, நீரில் கலந்து ஊற்றுவார்கள். நல்ல முறைதான், நஞ்சில்லை. ஆனால் வண்டு முட்டையிடுவது ஜூலையில். குஞ்சு சிறிதாக, மேல்மண்ணில், மென்மையாக இருக்கும் ஓகஸ்ட் இறுதியிலும் செப்ரெம்பரிலும் ஊற்றினால்தான் பலிக்கும். மே மாதத்தில் அவை கொழுத்துப் பெருத்து, தின்பதை நிறுத்தி, உருமாறத் தயாராகிக்கொண்டிருக்கும். மேயில் ஊற்றுவது கடலில் கரைத்த பெருங்காயம். முதலில் புழு இருக்கிறதா என்று பார்த்தார்களா? ஒரு சதுர அடிப் புல்லைப் பாய் போல உரித்துப் புரட்டினால் எண்ணிவிடலாம். ஐந்துக்குக் குறைவென்றால் ஆரோக்கியமான புல் தாங்கிக்கொள்ளும். நானும் மருமகனும் உரித்துப் பார்த்தோம். இரண்டு புழு இருந்தன. மருமகன் அவற்றைப் போத்தலில் போட்டுப் பாடசாலைக்குக் கொண்டுபோய்விட்டான்.

தங்கைக்கு இதெல்லாம் விருப்பமில்லை. "விடுங்கோ அண்ணா, எங்கடை ஆக்களோடை ஏன் சோலி?" என்றாள். கோவிலில் காண நேரும், கலியாண வீட்டில் காண நேரும் என்ற கூச்சம். மோசடிக்காரரின் உண்மையான முதலீடு இயந்திரமோ வண்டியோ அன்று, இந்தக் கூச்சம்தான். வெள்ளைக்காரன் ஏமாற்றினால் முறைப்பாடு செய்கிறோம். நம்மவன் ஏமாற்றினால் மறைக்கிறோம். மறைப்பதால் அடுத்த தெருவிலிருக்கும் இன்னொரு அம்மாவின் கொடுப்பனவுப் பணமும் போகிறது.

நான் கேட்கவில்லை. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வீட்டு வாசலில் வைத்துச் செய்யப்படும் ஐம்பது டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கையில் கிடைத்த பத்து நாட்களுக்குள், காரணமே சொல்லாமல் இரத்துச் செய்யும் உரிமையைத் தருகிறது. தாளில் இருக்க வேண்டிய விபரங்கள் இல்லாவிட்டால் அந்த உரிமை ஓராண்டுவரை நீள்கிறது. இரத்துக் கடிதம் போனால் பதினைந்து நாட்களுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். மதிப்பீட்டு விலையென்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுப் பின்னர் பத்து வீதத்துக்கு மேல் கூட்டி வாங்கவும் இயலாது. அம்மாவின் பெயரில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அனுப்ப முகவரி இல்லாததால் அந்தக் கைத்தொலைபேசிக்கு அழைத்து மின்னஞ்சல் முகவரியை வாங்கி அனுப்பினேன். மறுநாள் அழைப்பு வந்தது.

"அண்ணை, நாங்கள் எல்லாம் ஒரே ஊர் ஆக்கள். எங்களோடை சட்டம் கதைக்கிறியளே?"

ஒரே ஊர் ஆள் என்பதால்தான் முதலில் கடிதம் எழுதினேன், அமைச்சுக்கு எழுதவில்லை என்றேன். முன்பணம் பதினேழாம் நாள் வந்தது. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு.

இந்த விடயத்தில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. வசந்தகாலத்தில் புலம்பெயர் தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். முழுப்பக்கப் பச்சை. 'நம்பிக்கைக்குரியவர்கள்', 'உங்கள் உறவுகள்', 'பதினைந்து வருட அனுபவம்'. விளம்பரத்தை ஏற்கும்போது அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்ட பத்திரிகையை நான் இன்னும் சந்திக்கவில்லை. விளம்பரப் பகுதி வேறு, ஆசிரியபீடம் வேறு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். வாசகர் இரண்டையும் ஒரே தாளில்தான் படிக்கிறார்.

நம்மவரை நாமே ஆதரிக்காவிட்டால் வேறு யார் ஆதரிப்பார் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். ஆதரியுங்கள். ஆனால் எவரை என்று பார்த்து ஆதரியுங்கள். அந்த வருடமே இன்னொருவரைக் கண்டேன். அவரும் நம்மவர்தான், வடமராட்சிக்காரர், அறுபதைத் தாண்டியவர், ஒரேயொரு பழைய வண்டி. மைத்துனரின் நண்பர் அனுப்பி வந்தார். வந்தவர் விலை பேசவில்லை. முழந்தாளிட்டு இருந்து, ஒரு நீளத் திருப்புளியை மண்ணில் குத்திப் பார்த்தார். நான்கு இடத்தில் குத்தினார். இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. புல்லின் நுனியைக் கிள்ளிப் பார்த்தார். அது கிழிந்திருந்தது, வெட்டும் இயந்திரத்தின் அலகு மொட்டை என்றார்.

"இப்ப எனக்குக் காசு தந்தால் அது வீண்காசு. முதல்லை அலகைத் தீட்டுங்கோ. மூண்டு அங்குலத்துக்குக் கீழை வெட்டாதேங்கோ. வெட்டின புல்லை அள்ளி எறியாதேங்கோ, அதிலேயே விடுங்கோ, அதுதான் பசளை. நான் செப்ரெம்பரிலை வந்து துளைபோட்டு விதை தூவுறன்."

கிழமைக்கு ஓரங்குலம் தண்ணீர் போதும், அதுவும் ஒன்றிரண்டு தடவையில் ஆழமாக விட வேண்டும் என்றார். அளப்பதற்கு வெறும் மீன் ரின் ஒன்றை முற்றத்தில் வைக்கச் சொன்னார். ரின்னில் ஓரங்குலம் நிரம்பினால் குழாயை மூடிவிடலாம். ஜூலை வெயிலில் புல் பழுப்பாகும், அது செத்ததன்று, உறங்குவது, அதைக் காட்டி யாராவது மருந்து விற்க வந்தால் வாங்க வேண்டாம் என்றும் சொன்னார். டன்டிலயனுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்குத் தமது வண்டியிலிருந்து நீண்ட கவர்க்கத்தி ஒன்றை எடுத்துக் காட்டினார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உது எங்கடை உழவாரத்தின்ரை தம்பி" என்றார். மழை பெய்த மறுநாள் மண் ஈரமாயிருக்கையில் வேரோடு கிளப்பிவிடலாமாம். அம்மாவுக்கு அந்தக் கோடை முழுவதும் அதுதான் பொழுதுபோக்கு.

செப்ரெம்பரில் அவர் வந்தாரென்று தங்கை சொன்னாள். நான் அதற்குள் திரும்பிவிட்டேன். வரும்போது எழுதிய தாளொன்று கொண்டுவந்தாராம். வேலை இன்னது, திகதி இன்னது, விதையின் பெயர், பசளையின் அளவு, காப்புறுதி இலக்கம், முகவரி எல்லாம் அதில் இருந்தன. விலை முன்னவரைவிடக் கூட. முன்பணம் வாங்கவில்லை. துளைபோடுவதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுத்ததாம்.

பிரம்டன் உறவினருக்கு இவற்றையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். வேலை தர மறுத்துத் திரும்பிப் போகத் தயங்காதவரைத் தேடுங்கள் என்றேன். மருந்தின் பெயரைக் கேளுங்கள், தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், முழங்காலில் மண் படாமல் விலை சொல்பவரை நம்பாதீர்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார். எல்லாம் நியாயமென்றார். ஒரு கிழமை கழித்து நானே எடுத்து விசாரித்தேன்.

"அதுக்கிடையிலை ஒருத்தர் வந்தவர் அண்ணா. சாவகச்சேரிப் பொடியன். நல்ல மரியாதை. ஐஞ்சு வருசத்துக்குச் சேர்த்துக் கட்டினால் விலை குறைவெண்டவர். பாதிக் காசு குடுத்திட்டன்."

எந்தத் திகதியில் கையொப்பமிட்டீர்கள், பத்து நாளில் இன்னும் எத்தனை நாள் மீதியிருக்கிறது என்று கேட்டேன்.